ஒரு டெரா யெஸ்லம்

மொரிட்டானியாவின் தலைநகர் நுவாக்சோத்தில், கைப்பேசிச் சந்தையில் தெக்பர் ஜெராக்ஸ் கடை போட்ட முதல் வாரம். பக்கத்துக் கடை யெஸ்லம் ஒரு மெமரி கார்டு பாக்கெட்டை அவள் மேசைமேல் போட்டார்.

"பொண்ணே, நீ அரபியும் பிரெஞ்சும் படிச்சவளாமே. பின்னாடி எறும்பு மாதிரி ஏதோ ஊருது. என்னன்னு சொல்லு."

முன்பக்கம் தங்க எழுத்தில் 'ஒரு டெராபைட்' என்று இருந்தது. பின்பக்கத்துப் பிரெஞ்சு வரியைத் தெக்பர் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

"உண்மையான கொள்ளளவு இதைவிடக் குறைவா இருக்கலாம்னு போட்டிருக்கு."

"எவ்வளவு குறைவாம்?"

"அது போடலை."

"போடலேல்ல? அப்ப குறையலை."

"குறைவா இருக்கலாம்னுதான் போட்டிருக்கு, ஹாஜி."

"நாளைக்கு மழைகூடப் பெய்யலாம். நான் மந்திரிகூட ஆகலாம். அதுக்காக இப்பவே குடை பிடிக்க முடியுமா? சரி, இதையே அரபில எங்கயாவது போட்டிருக்கானா?"

"இல்லை."

"பாத்தியா? நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவேண்டிய விஷயமா இருந்தா அரபில போட்டிருப்பானே!"

சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே அந்த வரியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். வேலை சுத்தமாக இருந்தது. பழகிய நகம்.

அதற்குமேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று தெக்பர் அன்றைக்கே முடிவு செய்தாள். பிறகு தெரிந்ததெல்லாம் அந்த முடிவை மாற்றவில்லை. ஹாஜி என்ற பட்டம் அவரே சூட்டிக்கொண்டது. மக்காவுக்கு அவர் போனதில்லை, துபாய்க்குத்தான் போய்வந்தார், சரக்கு எடுக்க. பூத்திலிமித் பக்கம் பிறந்தவர். முதலில் ஆட்டுத் தரகு: விற்கிற அன்று காலையில் உப்பை நக்கவிட்டு, வயிறு முட்டத் தண்ணீர் காட்டி, ஆட்டைக் கொழுத்ததாக நிறுத்துவார். அடுத்து பழைய கார் வியாபாரம்: துருவின்மேல் பெயின்ட். கடைசியில்தான் மெமரி கார்டு. இதில் தண்ணீர் வேண்டாம், பெயின்ட் வேண்டாம். சரக்கு தன் பொய்யைத் தானே சொல்லிக்கொள்ளும் என்பதால் யெஸ்லமுக்கு இந்தத் தொழில் மிகவும் பிடித்துப்போயிற்று.

போன் ஒரு வெகுளி. கார்டு தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதையே திரையில் காட்டும். உள்ளே முப்பத்திரண்டு ஜிபிதான் இருக்கும். திரையில் ஒரு டெரா என்று வரும். பாட்டுகளையும் படங்களையும் நிரப்பிக்கொண்டே போகலாம், கார்டு மறுக்காது. நிஜமான இடம் தீர்ந்த பிறகு உள்ளே போகிறவற்றுக்குப் பெயர் மட்டும் மிஞ்சும். பட்டியலில் பெயர் இருக்கும், நீளம் இருக்கும். தொட்டால் ஒன்றும் இருக்காது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒட்டகக்காரர்கள். மழைக்குப் பிறகு சிக்னல் எட்டாத மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறவர்கள். பாட்டு, வம்சக் கதை, ஊரிலிருக்கும் உறவினர் குரல் என்று மாதக்கணக்குக்கு வேண்டியதை அந்த நகத்தளவு பொருளில் ஏற்றிக்கொண்டு, தொலையாமல் இருக்கக் கழுத்துத் தாயத்தின் தோல் பைக்குள்ளேயே அதையும் போட்டுத் தைத்துவிடுவார்கள். இந்தப் பழக்கத்தைத்தான் யெஸ்லம் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஒருவன் திரும்பி வந்து சண்டை போட்டால், முதலில் அவனுக்குத் தேநீர் வரும். பிறகு ஒரு கேள்வி வரும்.

"தாயத்துப் பையிலயா வெச்சே? அடப்பாவி! ரெண்டும் சக்தி உள்ள பொருளாச்சே. ஒரே பையில ரெண்டு ராஜா இருப்பாங்களா? தாயத்து ஜெயிச்சிடுச்சு. உனக்கு அது நல்லதுதான்."

வந்தவன் தாயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரியும். இன்னொரு கார்டு வாங்கிக்கொண்டு, அதற்குத் தனிப்பை தைக்கப் போவான். தெக்பருக்குச் சில நாள் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாது. ஆனால் தகாந்த் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தபோது அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஸ்பெயினுக்குப் படகேறிப் போய்த் திரும்பி வராத மகனின் குரலையெல்லாம் கார்டில் வைத்திருந்தவள் அவள். அவளிடமும் யெஸ்லம் அக்கறையாக விசாரித்தார்:

"அந்தத் தாயத்து காய்ச்சலுக்கா, கண்ணேறுக்கா?"

இப்படிப்பட்டவருக்கும் நெஞ்சில் ஒரு முள் இருந்தது: வம்சம். தன் தாத்தா அந்தப் பகுதியை ஆண்ட பழைய அமீர் வீட்டின் நெருங்கிய சொந்தம் என்று அவர் சொல்லிவந்தார். ஒன்றுவிட்ட அண்ணன் ஸிதாத்தியோ, தாத்தா உப்பு ஏற்றிய ஒட்டகங்களோடு வந்து அப்படியே தங்கிவிட்டவர் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் குடும்பத்தில் யாராவது உருப்படியாக ஒரு வேலை செய்திருந்தால் அது உப்பு சுமந்ததுதான். யெஸ்லம் அதை மறைக்கத்தான் பாடுபட்டார்.

மகள் கல்யாணம் வந்தது. புகழ்பாடும் குலத்தில் பேர்பெற்ற முனீனாவை அழைத்தார். முனீனா சபையில் யாரை எங்கே வைத்துப் பாடுகிறாளோ அதுதான் அவர்கள் இடம், அதற்குமேல் பேச்சில்லை. தாத்தாவை அமீர் பக்கத்தில் வைத்து அவள் பாட வேண்டும், அதைப் படம்பிடித்து ஸிதாத்தியின் மூக்கின்முன் ஓட்ட வேண்டும். யெஸ்லமுக்குக் கல்யாணம் என்றால் அவ்வளவுதான்.

படத்துக்கு நல்ல கார்டு வேண்டுமே. அதிகாரிகளுக்குக் கொடுப்பதற்கென்று மேசை இழுப்பறையில் சில அசல் கார்டுகள் வைத்திருந்தார். அசல் கார்டு 256 ஜிபி என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டது. அது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப்பட்டது. எனவே அவற்றின் மேலும் தங்க எழுத்து ஒட்டி 'ஒரு டெரா' ஆக்கி, மற்ற கார்டுகளோடேயே போட்டுவைத்திருந்தார். அதன்பிறகு எது அசல், எது போலி என்று சொல்ல அந்தச் சந்தையில் ஒருவரும் இல்லை, அவர் உட்பட. கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் போனில் செருகினார்.

மூன்று இரவும் போனைக் கீழே வைக்கவில்லை. ஊர் வழக்கப்படி தோழிகள் மணப்பெண்ணை ஒளித்துவைத்து, மாப்பிள்ளைக் கூட்டம் தெருத்தெருவாகத் தேடிய கூத்தில் ஊரே சிரித்தது. பெண்ணைப் பெற்றவர் விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் இரவு முனீனா பாடினாள். தாத்தா பெயர் காதில் விழுந்ததும் யெஸ்லம் அங்கியில் இருந்த பணத்தையெல்லாம் அவள்மேல் வீசினார். போன் மட்டும் கையில் இருந்தது.

மறுநாள் பட்டியலைப் பார்த்தார். பெயர் இருந்தது, நீளம் இருந்தது. திறந்து பார்க்கவில்லை. மூன்றாம் இரவு வராத ஸிதாத்தியோடும் அவர் தம்பிமாரோடும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை.

அந்த வாரமே ஸிதாத்தியையும் தம்பிமாரையும் கடைக்கு வரவழைத்தார். தெக்பரையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தார். முதல் கோப்பைத் தேநீர் வரை முதல் இரவு ஓடியது: சோற்றுத் தட்டுகள், யெஸ்லம், ஒட்டகக் கறி, மீண்டும் யெஸ்லம். இரண்டாம் கோப்பையில் முனீனாவின் பாட்டைத் தொட்டார். கறுப்பு. மறுபடி தொட்டார். ஊதினார். கார்டைக் கழற்றி அங்கியில் துடைத்துச் செருகினார். கறுப்புதான்.

"எங்கேப்பா அமீரு? இன்னும் டிரஸ் மாத்திட்டிருக்காரா?" என்றார் ஸிதாத்தி.

கார்டு போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை போய்விடும். சொல்லாவிட்டால் வம்சம் போய்விடும். தெக்பர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயத்து," என்றார் யெஸ்லம். "தாயத்துக்குப் பக்கத்துல வெச்சிட்டேன்."

"அதை ஒட்டகக்காரன்கிட்ட சொல்லுடா. எங்ககிட்டயேவா?"

பாயில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு எதிர்வரிசைக் கடைகள் வரை கேட்டது. குடிக்காமல் விருந்தாளி எழக்கூடாத மூன்றாம் கோப்பைக்கு யாரும் நிற்கவில்லை.

மறுநாள் மாலை யெஸ்லம் தெக்பரின் கடைக்கு வந்தார். மறுபடி பாடச் சொல்லி முனீனாவிடம் போயிருக்கிறார். 'சபை கூட்டினால் வருகிறேன், போன பாட்டு போனதுதான்' என்று அவள் சொல்லியனுப்பிவிட்டாள்.

"மகளே, முனீனா பாடின அன்னிக்கு நீ பெண்கள் பக்கம் முன்னாடியே உக்காந்திருந்தே."

"ஆமா, ஹாஜி."

"எங்க தாத்தா பேரு வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"அமீருக்குப் பக்கத்துல."

"இல்லை. முதல்ல அமீருங்க, அப்புறம் மார்க்கம் படிச்ச ஆலிம்ங்க, அப்புறம் ஒட்டகக்காரங்க. கடைசில உப்பு கொண்டுவந்தவங்க. அதுலதான் உங்க தாத்தா."

அவர் முகம் சுண்டும் என்று தெக்பர் எதிர்பார்த்தாள். அது சுண்டவில்லை. விலை படியாத பொருளைப் பார்ப்பதுபோல் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளிக்கிழமை ஸிதாத்தி வீட்ல எல்லாரும் கூடறாங்க. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ. நீ வாயே திறக்காதவ, ரெண்டு பாஷை படிச்சவ. நீ சொன்னா எவனும் எதிர்த்துப் பேச மாட்டான். பொய் சொல்லுன்னு கேக்கலை, மகளே. பேரு வந்துச்சுன்னு நீயே ஒத்துக்கிட்டே. அந்தப் பேரைக் கொஞ்சம் மேல ஏத்திச் சொல்லு, போதும்."