போர்ட் லூயிஸில் ஏழு மணி ஜெபம்

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, எங்கள் கப்பல் மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸுக்குள் நுழைந்தது. கொழும்பில் ஏறியது முதல் நான் சாப்பிட்ட எதுவும் என்னிடம் தங்கவில்லை. ஆகவே அந்த நகரத்தின் அழகைவிட, அது ஆடாமல் நின்றதுதான் முதலில் என்னைக் கவர்ந்தது.

நகரத்தின் முதுகுப்புறம் முழுக்க எரிமலை துப்பிவிட்டுப் போன மலைகள். ஒன்று கட்டைவிரலை நிமிர்த்தியதுபோல் நிற்கிறது. இன்னொன்றின் உச்சியில் ஒரு பாறை, இதோ விழுகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டே எத்தனையோ காலமாக உட்கார்ந்திருக்கிறது. கிடங்குகளும் பழைய கட்டடங்களும் கறுப்புக் கல்லால் ஆனவை. காற்றில் கருப்பஞ்சாற்றின் மணம்.

துறைமுக அதிகாரி என் ஊரைக் கேட்டார். “பாறசாலை” என்றேன். எந்த மாகாணம் என்றார். எங்கள் தமிழ்ப் பகுதி சென்னை மாகாணத்தோடு சேர வேண்டுமென்று ஊரில் நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. “திருவிதாங்கூர்-கொச்சி” என்று பதில் சொல்லி உள்ளே வந்தேன். பாறசாலைச் சந்தியில் நின்று அப்படிச் சொல்லியிருந்தால் என் நண்பர்களே உதைத்திருப்பார்கள்.

டாக்சிக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். ஆசையாகத் தமிழில் பேசினேன். அவர் அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு ரூபாய் வாங்கினார். அங்கேயும் ரூபாய்தான், ஆனால் நம்முடையது செல்லாது.

பெரிய சந்தையிலிருந்து அரை மைலில் என் தங்கை எஸ்தரின் வீடு. துணிக்கடைக் கணக்கருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். கணவர் இறந்து இரண்டு வருடம். அவளையும் இரண்டு பெண்களையும் ஊருக்கு அழைத்துப் போகத்தான் நான் கடல் கடந்தேன். மற்றபடி குதிரைப் பந்தயத் திடலையும், வரிசையில் நிற்கும் உயரமான பனைகளையும் பார்க்க இவ்வளவு வாந்தி எடுத்திருக்க மாட்டேன்.

“அண்ணன் மெலிஞ்சு போச்சு” என்றாள் வாசலில்.

“கடலுக்குத் தீனி போட்டேன், எட்டீ.”

“சாளைமீனும் மரச்சீனிக் கிழங்கும் வச்சிருக்கேன். இஞ்சத்த சாளை ஆக்கும். நம்ம ஊரு ருசி காணாது.”

காணவில்லைதான். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லியே சட்டியைக் காலி செய்தோம்.

மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். எங்கள் பக்கத்துச் சபையாரிடம் ஒரு வழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை, கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வோம். கேட்க வேண்டியவர் பக்கத்தில் முழங்காலில் இருப்பார். என் மாமனாரும் மாமியாரும் கடைசி வரை இப்படித்தான் சண்டை போட்டார்கள்.

நான் ஆரம்பித்தேன். “கர்த்தாவே, தூர தேசத்தில் தனித்திருக்கும் இந்தப் பிள்ளையின் மனதைத் திருப்பி, அவளைப் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவாரும்.”

அடுத்து அவள். “பிதாவே, அந்த மண் எந்த ராஜ்யத்தில் சேருமென்று அண்ணனுக்கே தெரியவில்லை. முதலில் அதைத் தீர்த்துக் கொடுத்தருளும்.”

பெண்கள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின.

நான்கு நாள் இப்படியே போனது. பகலில் அவள் கடைகளுக்குச் சட்டை தைத்தாள். நான் துறைமுகத்தருகே உலாவி வந்தேன். சந்தையில் பலாப்பழம் பார்த்தேன். பாறசாலைச் சந்தை ஞாபகம் வந்தது. அவளிடம் சொன்னேன். “சும்மா இருங்க அண்ணே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தையல் இயந்திரம் வேகமாக ஓடியது.

கப்பலுக்கு முந்தின மாலை, முறைப்படி முதலில் நான் அவள் மனம் திரும்ப ஜெபித்தேன். பிறகு அவள் தொடங்கினாள். சபைத் தமிழ் இரண்டு வாக்கியத்துக்குமேல் வரவில்லை.

“ஆண்டவரே, அண்ணனுக்க கூடப் போணும்னு எனக்கு ஆசை உண்டு. ராத்திரி படுத்தா நம்ம ஊரு நெய்யாற்றுத் தண்ணிதான் காதுல கேக்குது. ஆனா அங்க போனா நான் செத்தவனுக்க பெண்டாட்டி. அண்ணி தாற சோறு. இஞ்ச நான் தையக்காரி எஸ்தர் ஆக்கும். சந்தை முழுக்க என்னைத் தெரியும். என்னால அண்ணனுக்க முகத்தைப் பாத்து இதைச் சொல்ல ஒக்காது. நீரே சொல்லிக் குடும்.”

எனக்கு மறுபடி ஜெபிக்க உரிமை உண்டு. வாதாட நல்ல வசனங்களும் தெரியும். “ஆமென்” என்றேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கப்பல் நகர்ந்தது. கரையில் அவள் கையை ஆட்டவில்லை; முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மலைகள் சின்னதாகிக்கொண்டே போயின. ஊரிலிருந்தபோது அவளுக்காக ஏங்கினேன். இனி அந்தக் கறுப்புக் கல் நகரத்துக்காகவும் ஏங்க வேண்டும்.

பாறசாலையில் இப்போதும் கூட்டமும் கோஷமும்தான். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். குடும்ப ஜெபத்தை எட்டரைக்குத் தள்ளிவிட்டேன். போர்ட் லூயிஸில் அப்போது மணி ஏழு. சோறு ஆறிப்போகிறதென்று என் மனைவி ஆண்டவரிடம் தினமும் முறையிடுகிறாள். நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்கிறேன்.

“கர்த்தாவே, எஸ்தரின் தையல் இயந்திரம் நன்றாக ஓடட்டும்” என்கிறேன். அங்கே அவள் என்ன சொல்கிறாளோ.