நாணலுக்குள் நடவு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடைக்கு மேடை அதையெல்லாம் கிண்டலடித்தவன். நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் நடுவில் சிரிக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

எங்கள் ஊர் ஏரி இன்றைக்குப் பறவைகள் சரணாலயம். பைனாகுலரோடு வந்து நாணலைப் பார்த்து என்ன அழகு என்கிறார்கள். அங்கேதான் பன்னிரண்டு கூலிக் குடும்பங்கள் நெல் நட்டோம். பறவைகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, எங்கள் காலடியிலேயே நத்தை பொறுக்கியவைதான் அவை.

நில உச்சவரம்புச் சட்டம் வந்த சமயம். ஏரி ஓரத்து நிலத்தைப் பண்ணையார் தன்னுடையது என்றார், உழுகிறவர்கள் நாங்கள். தாசில்தார் வந்து பார்க்கும்போது சாகுபடி இருந்தால் எங்களுக்குப் பட்டா. அவர் வருவதற்கு முதல் நாளே எல்லோரும் இறங்கி நட்டு முடித்தோம். அந்தப் பாவிப் பண்ணையார் விடிவதற்குள் ஏரிக்கு வரும் வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டார். நாற்றெல்லாம் கழுத்தளவுத் தண்ணீருக்கு அடியில், மேலே ஓரத்து நாணலும் நாரைகளும்தான் தெரிந்தன.

காலை பத்து மணி, நல்ல வெயில். கரையில் தாசில்தார், அவருடைய குமாஸ்தா, நான். நடந்துகொண்டிருந்த தாசில்தார்தான் முதலில் நின்றார்.

"தண்ணிக்குள்ள ஒரு அம்மா நட்டுக்கிட்டிருக்காங்களே, யாருப்பா அது?"

பார்த்தேன். நாணலுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் நிற்பது போல ஒருத்தி குனிந்து, நடவுக்காரிகள் போகிற மாதிரி பின்பக்கமாகவே நகர்ந்து, நாற்றைக் குத்துக் குத்தாக நட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாரைகள் அசையாமல் நின்றன. இடுப்பை இடது பக்கம் சாய்த்து நடுவது எங்கள் வகையறாவிலேயே ஒருத்திதான்.

"எங்க அக்காங்க, அஞ்சலை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா போன வருடமே அதே வயலில் பாம்பு கடித்துச் செத்துப்போனவள். குமாஸ்தா பெயரை எழுதிக்கொண்டார்.

நான் குதித்தேன். நாலு எட்டில் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. அங்கே யாரும் இல்லை. திரும்பிக் கரையேறுவதற்குள் தாசில்தார் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் வேர்வை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. நீர்நிலை, நாணல், பறவைகள், சாகுபடி இல்லை. தாலுகா ஆபீசுக்கு ஓடினேன்.

"நீங்களே பாத்தீங்களே சார், யாருன்னு கேட்டீங்களே."

"நான் யாரையும் பாக்கலையேப்பா" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். பச்சைப் பொய். அக்காவைப் பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கவில்லை, அப்போது நடுங்கியது, அவ்வளவு ஆத்திரம்.

அன்றைக்கு இடத்தைப் பார்த்து எழுதிய மகசரைக் காட்டச் சொல்லிச் சண்டை போட்டேன். குமாஸ்தா எடுத்துப் போட்டார். சாகுபடி இல்லை என்று எழுதி, கீழே சாட்சி அஞ்சலை, இடது கைப் பெருவிரல் ரேகை.

"செத்தவ எப்படிங்க கைநாட்டு வைப்பா?"

குமாஸ்தா என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்க தண்ணிக்குள்ள தேடிக்கிட்டிருந்தப்ப அந்தம்மா கரையேறி வந்து வச்சிட்டுப் போனாங்களே."

கிட்டே வைத்துப் பார்த்தேன். ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. ஏழு வயதில் அக்காவுக்கு அரிவாள் கிழித்த தழும்பு. கைநாட்டைப் பொய்யாக யார் வேண்டுமானாலும் வைக்கலாம், அந்தத் தழும்பை யார் வைப்பார்கள்?

அவளுக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் வயலை இல்லையென்று சொல்கிற காகிதத்தில், என்ன சொல்லி அவளைக் கைநாட்டு வைக்கச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.