பயறு வயலில் என் முகம்

என் முகத்தை விரித்து ஒரு பயற்று வயலைக் கெடுத்தவன் நான். இது உருவகமில்லை. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், பல் தெரிந்த சிரிப்பு. முன்பு என் கட்டுரைத் தொகுப்பு ஒன்று வெளிவந்தபோது எங்கள் குடியிருப்போர் சங்கம் தெருமுனையில் கட்டிய வாழ்த்து ஃபிளக்ஸ் அது. புத்தகத்தைப் படித்தவர்களைவிட அந்தப் பேனரின் நிழலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்கள்தான் அதிகம்.

வெள்ளாயணிக் காயல் பக்கம் எங்கள் வீடு. சங்கத்தின் செயலாளர் நான். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததால். தேர்தல் பேனர், உற்சவப் பேனர், என் பேனர் எல்லாம் சங்கத்து அறையில் சுருண்டு கிடந்தன. எப்படியாவது ஒழித்துக் கட்டும்படி எனக்கு உத்தரவு.

என் மதில் சுவருக்குப் பின்னால் ஒரு அக்கா பயறு போடுகிறார். களியக்காவிளைப் பக்கத்துக்காரர். நிலம் அவருடையதல்ல, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்தது. இந்த வருஷம் ஓணத்துக்கு ஒழுங்காக விளைச்சல் காட்டாவிட்டால் நிலத்தை வாழைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அதனால்தான் அக்கா முதன்முறையாக, மழையில் களை மண்டாமலிருக்க மல்ச்சிங் ஷீட் வாங்கலாமா என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் கேட்டார். மேலே வெள்ளியும் கீழே கறுப்புமாகப் பாத்தியை மூடி, ஓட்டை போட்டு விதை ஊன்றுகிற ஷீட்.

"எதுக்குக்கா வாங்கணும்? எங்கிட்ட சும்மா கிடக்கே. பிளாஸ்டிக் எல்லாம் ஒண்ணுதானே?"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கல்வெட்டில் பொறித்து என் கழுத்தில் தொங்கவிடலாம்.

ஃபிளக்ஸ்கள் சுவரைத் தாண்டின. நானே கத்தரிக்கோலோடு போய் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். வேட்பாளர்கள் கட்சி பேதமின்றிப் படுத்தார்கள். என்னை மட்டும் அக்கா மரியாதையாக மல்லாக்க விரித்தார். என் இடது கன்னத்தில் இரண்டு, மூக்கில் ஒன்று, நெற்றியில் மூன்று விதைகள். பயறு முளைத்ததும் தினமும் காலையில் காபி டம்ளரோடு மொட்டை மாடிக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். மாடியிலிருந்து தெரிவது மதிலோரத்து நான்கு வரிசைதான். மீதியை வாழைக்கூட்டம் மறைத்துவிடும். அந்த நான்கு போதும் எனக்கு. மூக்கிலிருந்து இரண்டு இலை விட்டதும், இலக்கியத்தில் காணாத வெற்றியை விவசாயத்தில் கண்டுவிட்டதாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாவது வாரம் மூக்கு வெளுத்தது.

மழை விட்டு நாலு நாள் சுள்ளென்று வெயில். புதிதாக வந்த இலைகள் மஞ்சள்கூட இல்லை, வெந்த முட்டைக்கோஸ் நிறம். ஓரம் சுருண்டு, தண்டு அரையடியோடு நின்றுவிட்டது. நான்கு வரிசையும் அப்படியே. அப்படியானால் வாழைக்கு அப்புறம் கிடப்பதும் அதே கதிதான். ஓணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். அக்காவின் நிலம் போகப்போகிறது, காரணம் என் சிரிப்பு.

அன்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பயத்தில் ஆரம்பித்தது, ஒரு மணி நேரத்தில் பரவசமாகிவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. ஃபிளக்ஸ் என்பது பி.வி.சி. பிறவியிலேயே விறைப்பான ஆசாமி. அதைச் சுருட்டவும் மடக்கவும் வேண்டுமென்றால் எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைச் சேர்க்க வேண்டும். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு நிரந்தர உறவு வைத்துக்கொள்வதில்லை, வாடகைக்குக் குடியிருக்கிறது. வெயில் ஏறினால் மூட்டை கட்டிவிடும். கொஞ்சம் காற்றில், கொஞ்சம் தண்ணீரில், கொஞ்சம் பக்கத்தில் நிற்கும் இளம் இலையில். அதில் சில வகைகள் பட்டால் இலையால் பச்சையம் செய்ய முடியாது, வெளுத்துப்போகும். அக்கா கேட்ட ஷீட்டோ பாலித்தீன். கிழிந்து மண்ணில் கிடந்தால் அதுவும் தொல்லைதான், ஆனால் வளைவதற்கு அதற்கு இந்த எண்ணெய் தேவையில்லை. பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல!

படித்தால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? மூன்று பாட்டில் தண்ணீரை மூன்று நாள் மாடி வெயிலில் வைத்தேன். ஒன்றில் சும்மா தண்ணீர். ஒன்றில் கடையில் கெஞ்சி வாங்கிய மல்ச்சிங் ஷீட் துண்டு. மூன்றாவதில் சங்கத்து அறையில் மிஞ்சிக் கிடந்த ஏதோ ஒரு வேட்பாளரின் காது. பிறகு மூன்று கிண்ணத்தில் பஞ்சு விரித்து, பத்துப் பத்துப் பச்சைப்பயறு போட்டு, அந்தந்தத் தண்ணீரைத் தெளித்துச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். அவள் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வளர்ந்தவள்.

"யாருக்குன்னா கல்யாணம்? பாலிகை தெளிச்சு வச்சிருக்கேள்?"

"இது சயன்ஸ்."

"பாயசக் கிண்ணத்துலயா? நன்னா இருக்கு. மூணாவதை இனிமே நீங்களே வச்சுக்கோங்கோ."

ஐந்து நாள் நான் மனிதனாக இல்லை. ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு ஓடுவேன். பள்ளிக்கூட அளவுகோலால் வேர் அளப்பேன். சும்மா தண்ணீர்ப் பயறுகள் வெள்ளை வேரை விரல் நீளத்துக்கு நீட்டிவிட்டன. ஷீட் தண்ணீரும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவது கிண்ணத்தில் பாதி முளைக்கவே இல்லை. முளைத்தவற்றின் வேர் நகத்தளவு வந்து, நுனி பழுப்பேறி நின்றுவிட்டது. இரண்டு இலை விட்ட ஒன்றே ஒன்றும் வெளுப்பு. என் மூக்கில் பார்த்த அதே வெளுப்பு! பேனரில் மையும் இருக்கிறது, வேறு மருந்துகளும் இருக்கின்றன. குற்றவாளி அந்த எண்ணெய்தானா, கூட்டாளிகளும் உண்டா என்பதைப் பாயசக் கிண்ணத்தால் சொல்ல முடியாது. ஆனால் ஃபிளக்ஸ்தான், வேறொன்றுமில்லை. வீட்டில் தனியாக நின்று கை தட்டினேன்.

உடனே சொல்லியாக வேண்டும். இப்போதே பிடுங்கிவிட்டுக் கீரை விதைத்தால் ஓணத்துக்கு அறுத்துவிடலாம், நிலம் தப்பும். மூன்று கிண்ணத்தையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மதிலின் இடிந்த பாகத்தில் ஏறினேன். இறங்கியது நானாக அல்ல. ஆனால் தட்டு சாயவில்லை.

"ஐயோ, சாரே! விழுந்திட்டியளா?" அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அக்கா, வேரைப் பாருங்க!" சேற்றில் உட்கார்ந்தபடியே மூன்று கிண்ணங்களையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், வாடகை, வெயில், வேட்பாளரின் காது. அவர் குனிந்து ஒவ்வொரு வேரையும் பொறுமையாகப் பார்த்தார். நடுநடுவே "ஓ", "அப்படியா சாரே" என்றார். இப்படிப்பட்ட வாசகர் எனக்கு வாய்த்ததே இல்லை.

கடைசியில் சுருதி இறங்கியது. "என் தப்புக்கா. உங்க ஓணத்தையே கெடுத்துட்டேன். மொத்தமும் பிடுங்கிடலாம், நானும் கூட நிக்கறேன். நிலத்துக்காரர்கிட்டயும் நானே வந்து சொல்றேன்."

அவர் என் கையைப் பிடித்துத் தூக்கி, வாழைக்கூட்டத்துக்கு அப்புறம் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு ஃபிளக்ஸ்கூட இல்லை. பாத்தி முழுக்கக் காய்ந்த வாழை இலையும் ஓலையும் மூடியிருந்தன. பந்தலில் தோளுயரத்துக்குப் பயறு ஏறி, கரும்பச்சையாக, ஊதாப் பூ விட்டு நின்றது. ஓணத்துக்குத் தாராளமாக இறங்கும். நான் தட்டோடு நின்றேன்.

"விரிச்ச மறுநாளு லேசா வெயிலடிச்சப்பவே ஒரு நாத்தம் வந்துது சாரே, புது மழைக்கோட்டுக்க நாத்தம்," என்றார் அக்கா. "அது மண்ணுக்கு ஆகாதுன்னு அன்னிக்கே சுருட்டிட்டு வேற விதை போட்டேன். அந்த நாலு வரிய மட்டும் விட்டேன். தினமும் காப்பியும் கொண்டு வந்து எட்டிப் பாத்துச் சந்தோசப்படுவியல்லா, எப்படிச் சொல்லுது? இப்ப உங்களுக்கே தெரிஞ்சாச்சு. இனி அதையும் எடுக்கலாம் இல்லியா, சாரே?"