நாளையின் கதவு என்று எழுதி வைத்தேன்

சென்ற சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குக் கூடத்தில் நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மகள் தன் அறையில் கைப்பேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு தோழிகள் இருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி மூன்றாம் ஆண்டு. ஏதோ ப்ராஜெக்ட் விஷயம் என்று நினைத்து நான் காலரைக் கவனித்தேன்.

"பேசினா கதவு மூடிடும்டி. அதான் அவ பேசல," என்றது கைப்பேசிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அப்படி ஒரு ரூல் எங்க சொன்னாங்க?" என்றாள் என் மகள். "பசிச்சுது, அம்மா சோறு போட்டாங்க, சாப்டா. அவ்ளோதான்."

"இத்தன வருஷம் கழிச்சு அம்மாவப் பார்க்குறா, ஒரு வார்த்த பேச மாட்டாளா? லூசா அவ?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். மணிக்கூண்டுக்குள் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு சமையலறை. அங்கே ஒரு பெண் குனிந்து, ஒரு பைக்குப் பச்சைத் துணியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தக் காட்சி தெரியும். அறை வாசலில் போய் நின்று, "அது அவ அம்மாதான்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டேன்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா, நீங்க அனிமேயெல்லாம் பார்ப்பீங்களா? அம்மா இல்லாம வேற யாரு? சப்டைட்டில்லயே போடுறான். நேத்தோட கதவுன்னு."

சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். இஸ்திரி போட்டதில் சட்டைக்கையில் இரண்டு மடிப்பு விழுந்துவிட்டது. எனக்கு அப்படி ஆவதில்லை.

அந்த ஜப்பான் தொடர் இன்னும் முடியவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்தான். எனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அந்தக் கதாநாயகிக்கு மட்டும் இன்றைக்கும் பன்னிரண்டு வயது. தொலைந்துபோன தன் வீட்டைத் தேடி ஊர் ஊராகப் போகிற பெண். அவள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. எப்போதும் தோளில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதனால் நாங்கள் அவளை மஞ்சப்பை என்றோம். 'எங்கள்' என்பதில் மூன்று பேர்: நான், வாசு, மும்தாஜ்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில், ஒரு டிடிபி சென்டரில் மூவரும் வேலை பார்த்தோம். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். வாசு தட்டச்சு செய்வான், மும்தாஜ் பூவும் பார்டரும் போடுவாள், நான் பிழை திருத்துவேன். புதுப் பத்திரிகைக் கட்டைப் பிரித்தால் மையும் பசையும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றும் யாராவது பத்திரிகை நீட்டினால் நான் முதலில் மோந்து பார்க்கிறேன். பிறகு ஒற்றுப்பிழை தேடுகிறேன். மணமக்கள் பெயரைப் படிப்பது மூன்றாவதாகத்தான். என் மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு.

முதலாளி மாலையில் காகிதம் பார்க்கக் காந்தி மார்க்கெட் பக்கம் போய்விடுவார். ஆறு மணிக்கு, வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த டிவி எங்களுடையது. தமிழில் பேசுகிற கார்ட்டூன் சேனல். ஆறிலிருந்து ஆறரை வரை மஞ்சப்பை. இருபத்தைந்து வயதுக்காரர்கள் கார்ட்டூன் பார்ப்பதா என்று கேட்பீர்கள். கீழே மெடிக்கல் ஷாப்காரரும் கேட்டார். அவர் நான்காம் நாள் மேலே வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்போதும் டைரி எழுதுவேன். அன்றைய எபிசோடில் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை நிமிடத்தில் சொன்னார்கள் எல்லாம் இருக்கும். சந்தேகம் வந்தால் மும்தாஜ், "அண்ணன் ரெக்கார்டக் கேளுங்க," என்பாள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

வாசு ஸ்ரீரங்கத்துக்காரன், உத்திர வீதி. நான் எடமலைப்பட்டி புதூர். ஊருக்கு இரண்டு முனை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நான் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் அம்மா என்னை, "வாப்பா, கோயிலுக்குப் போயிட்டு வந்தியா?" என்று கேட்பார். என் கோயிலைத்தான் கேட்கிறார் என்பது எனக்குப் பிடிக்கும். சமையலை அவர்கள் தளிகை என்பார்கள். "தளிகை ஆயிடுத்து, உக்காருங்கோ ரெண்டு பேரும்," என்பார். பெருங்காயம் வறுபடுகிற வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் அவர் இறந்தார். அன்று காலை வாசு கிளம்பும்போது, "ரெண்டு வாய் சாப்டுட்டுப் போடா," என்றிருக்கிறார். பஸ் போய்விடும் என்று வாசு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பதினொன்றரைக்குக் கடைக்குத் தொலைபேசி வந்தது. மாரடைப்பு.

காரியத்துக்கான கார்டை அவனே தட்டச்சு செய்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. திருத்தத்துக்கு என் மேசைக்கு வந்தது. 'திருநாடு அலங்கரித்தார்' என்று இருந்தது. நான் 'அலங்கரித்தார்' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். கோபப்படுவான் என்று கூட நினைக்கத் தோன்றவில்லை. அவனும் கோபப்படவில்லை.

"பிழை இல்லடா. எங்காத்துல அப்படித்தான் சொல்லுவா. வைகுந்தத்துக்குப் போய் அத அலங்காரம் பண்றாளாம்." கொஞ்சம் சிரித்தான். "அடுப்படிதான் அலங்காரம் பண்ணிண்டிருப்பா."

இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த எபிசோடு வந்தது. மணிக்கூண்டுக் காவலாளி மஞ்சப்பையிடம் சொல்கிறான்: 'இது நாளையின் கதவு. உள்ளே ஒரே ஒரு வேளை இருக்கலாம்.' அவள் போகிறாள். சமையலறையில் இருக்கிற பெண்ணின் முகம் கடைசி வரை முழுதாகத் தெரிவதில்லை. அவள் சோறு போடுகிறாள், மஞ்சப்பை சாப்பிடுகிறாள். அந்தப் பெண் ஒரு சின்னப் பைக்குப் பச்சை ஒட்டுப் போடுகிறாள். மஞ்சப்பை வெளியே வந்து அழுகிறாள். முடிந்தது.

வாசு டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அம்மாவாத்துக்குப் போயிருக்காடா," என்றான்.

நான் இல்லை என்றேன். நாளையின் கதவு என்றால் எதிர்காலம். அந்தப் பெண் மஞ்சப்பையேதான், வயதானபின். தன் மகளுக்குப் பை தைக்கிறாள்.

"அந்தப் பச்சை ஒட்டு இவ பையில ஏற்கெனவே இருக்கேடா. அம்மா போட்டது. அவ போடறத இவ போய்ப் பார்க்கறா."

"ஒட்டு இருந்ததா என் டைரில இல்லையே."

"உன் டைரில இல்லேன்னா பையில இல்லையா?"

மெடிக்கல் ஷாப்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் அந்தக் கடையில் பிழை கண்டுபிடிக்கிறவன். என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் மாலை டைரியோடு வந்தேன். பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்த ஒரு தம்பதியும் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே படித்தேன். ஆறு பதினொன்று, காவலாளி, நாளையின் கதவு. சொன்ன சொல் மாறாமல். மூன்று முறை படித்தேன்.

"நீ எழுதினது சரிதான்டா," என்றான் வாசு. குரல் தணிந்திருந்தது. "ஆனா அது அவ அம்மா. சாப்பாடு போடறத பாத்தாலே தெரியறதே."

"உனக்கு அம்மாவா இருக்கணும். அதனால அம்மாங்குற."

இந்த வாக்கியத்தையும் அன்று இரவு டைரியில் எழுதியிருக்கிறேன். மேற்கோள் குறி சரியாக இருக்கிறது.

வாசு கீபோர்டுக்கு உறை போட்டான், அந்தத் தம்பதியிடம் மாதிரிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான், இறங்கிப் போனான். மும்தாஜ் என்னிடம், "ஏண்ணே," என்று மட்டும் கேட்டாள். பத்து நாளில் அவன் வேலையை விட்டுவிட்டான். புனேயில் அத்திம்பேர் ஏதோ பார்த்துத் தருகிறார், அதுவரை வீட்டில்தான் இருப்பான் என்று முதலாளி சொன்னார்.

அதற்கும் ஒரு மாதம் கழித்து மும்தாஜ் வேலைக்கு வந்ததும் வராததுமாக என் மேசைக்கு வந்தாள். அவள் வீட்டில் உருது பேசுவார்கள். அவள் அப்பா அதே தொடரை இந்தியில்தான் வைப்பாராம். முந்தின நாள் அந்த எபிசோடை மறுபடி போட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, இந்தில 'கல்'னு வருது. 'கல் கா தர்வாஜா'."

"சரி, நாளைதானே?"

"நாளைக்கும் கல்தான், நேத்தைக்கும் கல்தான். எங்களுக்கு ரெண்டும் ஒரே வார்த்தைண்ணே. அடுத்த வரியிலயே 'பீத் கயா'ன்னு சொல்றான். போயிடுச்சுன்னு அர்த்தம். வரப்போற நாளு எப்படிண்ணே போயிடும்? இந்திலேர்ந்து தமிழ் பண்ணவங்க தப்பாப் பண்ணிட்டாங்க. அது நேத்தோட கதவு. வாசு சார் சொன்னதுதான் சரி."

பிழையை நான் ஒரு எழுத்து மாறாமல் எழுதி வைத்திருந்தேன். மூன்று முறை சத்தமாகப் படித்தும் இருக்கிறேன்.

"நான் சாயங்காலம் ஸ்ரீரங்கம் போய் அவர்ட்ட சொல்லிடவா?" என்று கேட்டாள்.

"வேணாம். நான் சொல்லிக்கிறேன்," என்றேன். நான் சொல்வதுதானே முறை.

அந்த டைரியை இந்த வாரம் பரணிலிருந்து எடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. முதலாவதில், 'வாசுவைப் பார்க்கப் போகவில்லை. மழை.' இரண்டாவதில், 'போகவில்லை. அப்பாவோடு மார்க்கெட்.' மூன்றாவதில், 'போனேன். வாசலில் நிறையச் செருப்பு. விருந்தினர்போல. திரும்பிவிட்டேன்.' அன்று இருந்தவை நான்கு ஜோடி. நான்கை எண்ணத் தெரியாதவனல்ல நான். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒருவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் புனே போய்விட்டான்.

இப்போது அந்த மாடியில் கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். அந்தச் சேனலில் தமிழ் நின்றுபோய் வெகு காலமாகிறது. திங்கட்கிழமை விடுப்புப் போட்டு உத்திர வீதிக்குப் போனேன். அவன் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி அடுக்ககம். வாட்ச்மேனுக்கு வாசு குடும்பத்தைத் தெரியவில்லை. வீதியே நன்றாக அகலமாகத் தெரிந்தது. வெயில் நேராக விழுந்தது.

பஸ் ஸ்டாப்பிலிருந்தே மும்தாஜைக் கூப்பிட்டேன். அவள் பாலக்கரையில் சொந்தமாக பிரிண்டிங் கடை வைத்திருக்கிறாள். வாசுவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே? அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கிட்னி. அவர் வீட்டம்மா போன் பண்ணாங்க. உங்களுக்கும் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

ஒரு பஸ் வந்து நின்று போனது.

"என் கல்யாணத்துக்கு வந்திருந்தார்ணே. நீங்க அன்னிக்கு வரல. ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம். உங்களக்கூட விசாரிச்சார். கார்ட்டூன் விஷயத்த மட்டும் நான் எடுக்கல. நீங்க சொல்லிக்கிறேன்னீங்களேன்னு." நிறுத்திவிட்டுக் கேட்டாள். "சொன்னீங்கள்லண்ணே அவர்ட்ட?"

"சொன்னேன்மா," என்றேன்.

"என்ன சொன்னார்?"

"சிரிச்சான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். "அம்மாதான்னு தெரிஞ்சுக்கிட்டாவது போனாரே."

ஐம்பதை நெருங்குகிறேன், தெரிந்து ஒரு தவறான தகவலை இதற்கு முன் யாருக்கும் தந்ததில்லை. மும்தாஜிடம் சொன்ன இதை இனித் திருத்தப்போவதும் இல்லை. பாலக்கரைப் பக்கம் போக நேர்ந்து, அவளை நீங்கள் பார்த்தால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.