எண்ணூரும் ஜப்பானும் ஒரே தூரம்

எங்கள் மாமா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம். என் அக்காவின் கணவரை ஊரே மாமா என்றுதான் அழைத்தது. இங்கும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் "நீதான் எழுதணும்" என்று அக்கா சொல்லிவிட்டார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா பிறந்தது ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஒரு மீன்பிடித் துறையில். அவருடைய தகப்பனார் படகின் ஓரமெல்லாம் விளக்குத் தொங்கவிட்டுக் கணவாய் மீன் பிடித்தவர். கணவாய் வரத்துக் குறைந்ததும் படகை விற்றார். அதன் பிறகு அவர் துறை பக்கமே போகவில்லையாம். கடைக்குப் போவதற்குக்கூடச் சுற்று வழியில் நடப்பார் என்று மாமா சொல்லியிருக்கிறார். தாயார் மீன் கழுவும் கொட்டகையில் வேலை செய்து அவரையும் தங்கையையும் வளர்த்தார். மாமா ரொட்டி சுடும் தொழிலைக் கற்றுக்கொண்டு, இளம் வயதிலேயே பின்லாந்து நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே அவருக்கு முதலில் பழகாதது குளிர் அல்ல, பேச்சில்லாமைதான். அவரே அதிகம் பேசாதவர். அவருக்கே அது போதவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கடையில் பக்கத்தில் நின்று மாவு பிசைந்தவர் முதல் வருடம் முழுக்கத் தன்னிடம் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம் என்பார். புளிப்பான கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் சாப்பிட்டுக்கொண்டு, தனி அறையில் சிறு சட்டியில் சோறு வடித்துக்கொண்டு காலம் போனது. ஆனால் மழை போலப் பனி பெய்து ஏரி உறைந்துவிட்டால் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் போடலாம். நீ யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் துளையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டுவாராம். அதுதான் நட்பு என்று தனக்குப் புரியவே இரண்டு குளிர்காலம் ஆனது என்பார் மாமா.

அக்கா அந்த ஊருக்குப் போனது ஒரு சென்னைக் குடும்பத்தின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. மீன் கடையில் பெரிய பெரிய மீனின் தலையை வெட்டி எறிவதைப் பார்த்து அக்காவுக்கு வயிறு எரிந்தது. கடைக்காரம்மாவிடம் கையைக் காட்டிக் கேட்டு, வாரா வாரம் தலைகளை வாங்கி வந்து குழம்பு வைத்தார். ஒரு சனிக்கிழமை போனபோது தலை இல்லை. கடைக்காரம்மா வாசல் பக்கம் விரலை நீட்டினார். அங்கே ஒருவர் பையில் தலைகளோடு நின்றிருந்தார். அவர்தான் மாமா.

அக்கா சொல்லக் கேட்க வேண்டும் இதை. "பாதியாச்சும் குடுன்னு கைய கத்தி மாதிரி வச்சுக் காட்னேன்டா. அவரு பை மொத்தத்தையும் குடுத்துட்டு இடுப்ப வளச்சுக் கும்பிடறாரு. இன்னா மனுசன்டா இவரு, சண்டைக்கு வந்தவள கும்பிடறாருன்னு ஆயிடுச்சு."

பிறகு இருவரும் சேர்ந்தே வாங்கினார்கள். அக்கா புளி கரைத்துக் குழம்பு வைப்பார். மாமா உப்புத் தடவிச் சுடுவார். மூன்றாம் வருடம் கடைக்காரம்மா அவர்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்தார். அந்த ஊரில் வீட்டுக்கு அழைப்பது சாதாரண விஷயம் அல்ல. அக்கா குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துப் போனார். அந்த அம்மா ஒரு வாய் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டார், எதுவும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். அக்காவும் மாமாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

எங்கள் தகப்பனார் நைனாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது என்று சேதி போனதும் அக்கா புறப்பட்டார். மாமா வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டார். இங்கே பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்தில், அதன் பிறகு அவர் வேறெங்கும் போகவில்லை.

வந்த முதல் வாரமே ஒரு சங்கடம். தட்டில் போட்டதை மிச்சம் வைப்பது அவர்கள் ஊரில் பெரிய மரியாதைக் குறைவு. மாப்பிள்ளையின் தட்டைக் காலியாக விடுவது நம் ஊரில் அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. அம்மா போடப் போட மாமா சாப்பிட்டார். மாமா சாப்பிடச் சாப்பிட அம்மா போட்டார். நான்காம் நாள் மாமா படுத்துவிட்டார்.

"இன்னாடி, உன் வூட்டுக்காரரு போட்டதெல்லாம் துன்றாரு?" என்று அம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அங்க நீ அவருக்குச் சோறே போடலியா?"

"நீ போடறத நிறுத்துமா. அவரு நிறுத்த மாட்டாரு."

"மாப்ள தட்டுல எப்படிடி போடாம இருப்பேன்?"

கடைசியில் மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நைனா முன்னால் அம்மா அதிகம் வந்து நிற்கமாட்டார். அப்படித்தான் அவர்கள் இருவரும் தினமும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். நைனாவுக்கு வலது கை சரியாக வராது. மாமா மீனை முள் எடுத்து அவர் தட்டில் வைப்பார். யாரும் சொல்லித் தரவில்லை.

மாமாவின் ஒரே ஆசை ஏரிக்குப் போக வேண்டும் என்பது. தகப்பனார் விட்ட தொழில் அவருக்குள் இருந்தது. அதைத்தான் எங்களால் கொடுக்க முடியவில்லை. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் மீன், இறால் வரும் இடங்களை ஊர் முறை வைத்துப் பிரித்திருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விடலாம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைதான் பாடு. ஊரில் தலைக்கட்டாக, அதாவது ஊர் வரி கட்டும் குடும்பத் தலைவராக இருக்கிற ஆண்களுக்கே பாடு உண்டு. பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து தங்கிய வெளியூர் மாப்பிள்ளைக்குக் கிடையாது. இதில் கொடுமை எதுவும் இல்லை. ஓர் ஆள் கூடினால் மற்ற எல்லோருடைய முறையும் தள்ளிப் போகும். ஏரி கூடுவதில்லை.

மாமா நைனாவிடம் கேட்டது ஒரே ஒரு தடவைதான். "நைனா, நான் ஏரிக்குப் போலாமா?"

நைனா தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஏகாம்பரத்தோட மாப்ளைக்குப் பாடு கெடையாதுன்னு கூட்டத்துல எழுந்து சொன்னவன் நானு. இப்ப என் மாப்ளைக்குக் குடுன்னு எந்த வாயால கேப்பேன்?" என்றார்.

மாமா சரி என்று தலையசைத்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஏகாம்பரம் பெரியப்பாவின் மாப்பிள்ளை கன்னியப்பன் அண்ணன் எண்ணூர்க்காரர். அங்கே கழிமுகம் கெட்டுப்போய்ப் பிழைக்க வழியில்லாமல் மாமியார் வீட்டோடு வந்தவர். சின்ன வயதிலிருந்து வலை பிடித்த கை. பாடு இல்லாததால் மீஞ்சூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கரையில் நிற்கிற இரண்டு மாப்பிள்ளைகளும் நண்பர்களானார்கள். விடியற்காலை படகுகள் வரும்போது இருவரும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றுவார்கள். அதற்குத் தடையில்லை. பிறகு டீ.

"நான் எண்ணூரு, நீ ஜப்பானு," என்று கன்னியப்பன் அண்ணன் கிண்டல் செய்வார். "இந்த ஊருக்கு ரெண்டும் ஒரே தூரம்தான்யா!"

மாமா சிரித்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "பின்லாந்துல ஏரி தொறந்திருந்துச்சு, வீடு மூடியிருந்துச்சு. இங்க வீடெல்லாம் தொறந்திருக்கு. ஏரிதான் மூடியிருக்கு. அங்க வீடு தொறக்க மூணு வருசம் ஆச்சு."

"இங்க ஏரி தொறக்க?"

"நான் இருக்கேன். எங்க போறேன்?"

காத்திருந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. ஃபைபர் படகுகளின் ஓட்டையை அடைக்கக் கற்றுக்கொண்டு அதில் பிழைத்தார். மடவை மீனின் சினையை உப்புப் போட்டு, பலகைகளுக்கு நடுவே அழுத்தி, மாடியில் காய வைத்தார். காக்கைக்குப் பயந்து அம்மாவின் பழைய கொசுவலையை மேலே கட்டியிருப்பார். "ஜப்பான் கருவாடு" என்று பெண்கள் கேலி செய்தார்கள். கல்யாண வீட்டுக்கு ஒரு துண்டு கொடுங்கள் என்று பிறகு அவர்களே வந்து கேட்டார்கள். நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரை மட்டும் குடிப்பார். "அப்ப கருவாட்ட இன்னா செய்றது?" என்று அம்மா பதறி அதை எடுத்து வறுத்துவிடுவார். சித்திரை வெயிலிலும் சாயங்காலம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில்தான் குளிப்பார். இதற்கு மட்டும் கடைசி வரை ஊர் பழகவில்லை.

வயிற்றில் வந்த நோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது. சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்தோம். பின்லாந்திலிருந்து மீன் கடை அம்மா தன் கையால் பின்னிய கம்பளிக் காலுறை அனுப்பினார். இந்த வெயிலில் எதற்கு என்று சிரித்தோம். ஆஸ்பத்திரி ஏசி வார்டில் மாமா அதைக் கழற்றவே இல்லை.

அந்த நேரத்தில்தான் புதிய சீட்டுக்கு ஊர்க்கூட்டம் கூடியது. மாமா வழக்கம்போல வந்து, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அவரைப் பார்த்துவிட்டு யாரோ, "பாவம்பா, மாமாவுக்கு ஒரு பாடு குடுத்துடுங்க. எத்தினி நாளு இருக்கப் போறாரு" என்றார்கள். பலர் ஆமாம் என்றார்கள்.

ஏகாம்பரம் பெரியப்பா நைனாவைக் கைகாட்டி எழுந்துவிட்டார். "ஊருக்கு ஒரு ஞாயம், அவரு வூட்டுக்கு ஒரு ஞாயமா? என் மாப்ள சாகக் கெடந்தாதான் குடுப்பீங்களா?"

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. நைனா தலை குனிந்துகொண்டார். மாமா சுவரைப் பிடித்து எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசியது அதுவே முதல் தடவை.

"பெரியப்பா சொல்றது சரி. கன்னியப்பன் எனக்கு முன்னாடி வந்தாரு. அவருக்குக் குடுங்க. பாவம்னு குடுத்தா எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நைனா நல்ல கையைத் தரையில் ஊன்றி எழுந்தார்.

"அன்னிக்குக் கெடையாதுன்னு சொன்னது நானு. இன்னிக்கு நானே சொல்றன். ஏகாம்பரம், நான் பண்ணது தப்புடா. ரெண்டு பேரையும் தலைக்கட்டுல சேருங்க. முறை தள்ளிப் போனா எல்லாருக்கும் போவட்டும், எனக்கும் போவட்டும்."

ஏகாம்பரம் பெரியப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா என் பொண்ணு இத்தினி வருசம் என்னத் திட்டியிருக்க மாட்டா" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. இருவர் பெயரையும் சேர்த்தார்கள்.

மாமாவின் பாடு வந்த நாளில் அவரால் நடக்க முடியவில்லை. கன்னியப்பன் அண்ணன் அவரைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார். நைனாவும் ஏறிக்கொண்டார். வலையில் வந்தது ஒரு கூடைகூட நிறையாத இறாலும் கொஞ்சம் கெழுத்தியும்தான்.

"மொத பாடே இப்படியா?" என்று கன்னியப்பன் அண்ணன் சலித்துக்கொண்டார்.

"பரவால்ல," என்றார் மாமா. "அடுத்த பாடு இருக்கு."

அடுத்த பாட்டுக்கு அவர் இல்லை. வீட்டில், அக்காவின் மடியில், வலி அடங்கியிருந்த ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்தார். ஜப்பானில் இருக்கும் தாயார் செல்போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கொள்ளி வைத்தேன். அஸ்தியில் ஒரு பாதி முகத்துவாரத்தில் கரைந்தது. மறுபாதி, பிறகு இங்கே வந்த அவருடைய தங்கையின் கையில் ஜப்பான் போய்ச் சேர்ந்தது.

மாமாவை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கு எங்கள் நன்றி. எப்போது கூப்பிட்டாலும் வண்டியோடு வந்து நின்ற பழவேற்காட்டு பாய்க்கும், கஞ்சி வடித்துக்கொண்டு வந்த அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கும் நன்றி. இந்த மலருக்கு ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டோம் என்பதற்காக, ஒரு வரி மட்டுமே எழுதாமல் முழுதாக இரண்டு வரி எழுதி அனுப்பிய பின்லாந்து அம்மாவுக்கு நன்றி. கன்னியப்பன் அண்ணனுக்கு நன்றி சொன்னால் அடிப்பார், ஆகவே சொல்லவில்லை.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. பிள்ளை இல்லாததால் மாமாவின் பாடு ஊருக்குத் திரும்ப வேண்டும். சீட்டில் அவருக்கு விழுந்திருந்த அடுத்த பாட்டின் நாளில், அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வலை விடலாம். இறால் நன்றாக ஓடிய சமயம் அது. "யாரு உடறான்னு பாப்போம்" என்று நைனா காலையிலேயே கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் கூட இருந்தேன். படகுகள் ஒவ்வொன்றாகப் போயின. சுற்றிலும் வலை இறங்கியது. அந்த இடத்தில் மட்டும் ஒருவரும் இறக்கவில்லை.

அங்கே வந்த கன்னியப்பன் அண்ணனிடம், "கூட்டத்துல பேசி வச்சீங்களா?" என்று நைனா கேட்டார்.

"எவனும் ஒண்ணும் பேசல நைனா. அவனவன் தாண்டிப் போய்ட்டான்."

வெயில் ஏறும்வரை அந்தத் தண்ணீர் சும்மா கிடந்தது. அன்று தாண்டிப் போன ஒவ்வொருவருக்கும் அக்காவின் சார்பில் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.