குப்பைத்தொட்டிப் பக்கத்து வீடு

நேற்று பார்சல் கொண்டுவந்தவர் போன் செய்தார். தாம்பரத்துக்கு வந்துவிட்டார், எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டார், வீடுதான் கிடைக்கவில்லை. "மேடம், எதனா லேண்ட்மார்க் சொல்லுங்க" என்றார். என் வாய் தானாகவே, "குப்பத்தொட்டி பக்கத்து வீடு" என்றது.

"எந்தக் குப்பத்தொட்டி மேடம்? நான் தெருமுனையிலதான் நின்னுகினு கீறேன். இங்க ஒண்ணும் இல்லியே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தொட்டியை அங்கிருந்து எடுக்க வைத்தவளே நான்தான்.

பள்ளியில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'குப்பத்தொட்டி வூட்டுப் பொண்ணு' என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்பா பெயின்டர். ஊரில் பல வீட்டு ஜன்னல்களைப் பளபளப்பாக்கியவர், எங்கள் வீட்டின் தெருப்பக்கத்து ஜன்னலை மட்டும் இறுகச் சாத்தி, இடுக்கில் பட்டி வைத்துப் பூசிவிட்டார். அதற்காக நான் அழுதுகொண்டே வளர்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மூக்குதான் எனக்குக் காலண்டர். மீன் செதில் நாறினால் ஞாயிற்றுக்கிழமை. பலாச்சக்கை நாறினால் பெரிய லீவு. அழுகிய பூசணியும் வாழைக்கன்றும் சேர்ந்து நாறினால் ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள். பிளஸ் டூ கணக்கு முழுவதையும் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன். இன்றைக்கும் கஷ்டமான கணக்கு வந்தால் கை மூக்குக்குப் போகிறது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கழுத்தில் முதலில் அடையாள அட்டை மாட்டியவளும் நான்தான், மாநகராட்சிக் குப்பைப் பிரிவில். வீடு வீடாகப் போய், மக்கும் குப்பையைப் பச்சை வாளியிலும் மக்காததை நீல வாளியிலும் போடச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. "குப்பய பத்திப் பேசறதுக்காம்மா பி.எஸ்சி. படிச்ச?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, டீக்கடையில் போய் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். நான் அந்த அட்டையோடு பால் வாங்கக்கூடப் போனேன்.

எதிர்வீட்டு சாந்தி அக்காவிடம் மட்டும் அட்டை செல்லவில்லை. "தக்காளி செவப்பா கீது, அத எப்படிம்மா பச்சையில போடறது?" என்று வேண்டுமென்றே கேட்பார். தெருவே சிரிக்கும். வாளிகள் இரண்டும் அவர் வீட்டில் துணி ஊறவைக்கப் பயன்பட்டன. குப்பை வழக்கம்போல் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டிக்குப் போனது.

தொட்டி இருக்கிறவரை வாளிக்கு வேலை வராது என்று மேற்பார்வையாளரிடம் மன்றாடினேன். என் சொந்த ஜன்னலும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "எடுத்துடறேன்மா. ஆனா ஒரு மாசம் பார்ப்பேன். அங்கேயே திரும்பக் குவிஞ்சா, தொட்டி அதே இடத்துக்கு வந்துடும். அப்புறம் நீ கேக்கக் கூடாது" என்றார்.

தொட்டி போன மறுநாள் காலையில், தொட்டி இல்லாத இடத்தில் பைகள் மட்டும் தொட்டி வடிவத்திலேயே குவிந்திருந்தன. ஒரு பெரியவர் பையோடு வந்து, "தொட்டி எங்கம்மா?" என்றார்.

"எடுத்தாச்சு சார். இனிமே வண்டி வீட்டுக்கே வரும்."

"அதுவரைக்கும் கையிலயே வெச்சுகினு நிக்கட்டுமா?" என்றவர், என் கண்ணெதிரே பையை வைத்துவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் இதே கதைதான். நான் அள்ளுவேன், அவர்கள் போடுவார்கள். அப்படி ஒரு காலை, அலுத்துப்போய் வீடு வீடாக நடந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வாசலிலும் என் கால் தானாகவே கோலத்தைச் சுற்றிப் போனது. எனக்குப் பின்னால் வந்த ஸ்கூட்டரும் சுற்றித்தான் போனது.

மறுநாள் விடிகாலையில் தொட்டி இருந்த மூலையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. எங்கள் வீட்டில் கோலம் போடும் வழக்கம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஒரு நட்சத்திரம் வரைவோம், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததைப் போட்டேன்.

முதலில் வந்தவர் சாந்தி அக்கா, கையில் பையோடு.

"இன்னாம்மா, ஆடி மாசத்துலயே கிறிஸ்மஸ் வந்துருச்சா?" உரக்கச் சிரித்தார். "நட்சத்திரமா இது? நண்டு நசுங்கின மாதிரி கீது."

சிரித்தாரே தவிர, பையைக் கீழே வைக்கவில்லை. தரையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "த்சு, கோலத்து மேல எப்படிப் போடறது?" என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர், கோலமாவுக் கிண்ணத்தோடு வந்தார். "தள்ளு. போட்டா ஒழுங்காப் போடணும்" என்று என் நண்டை அழித்துவிட்டு, எட்டுப் புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டு முடித்தார்.

மறுநாள் கடைசி வீட்டு அம்மா பத்துப் புள்ளியோடு வந்துவிட்டார். "அவங்களுக்கு மட்டும்தான் கோலம் வருமா?" என்றார். அதன் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. கோலத்தைக் காக்கும் பொறுப்பைத் தெரு எடுத்துக்கொண்டது. யாராவது பையோடு அந்தப் பக்கம் நடந்தால் நாலு வாசலிலிருந்து குரல் வரும். பைகளுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் வாளிகள் துணியிலிருந்து விடுதலை பெற்றன.

மாத முடிவில் மேற்பார்வையாளர் வந்தார். அவர் மோட்டார் சைக்கிளும் கோலத்தைச் சுற்றித்தான் வந்தது. "தொட்டிய வேற எடத்துக்கு அனுப்பிட்டேன்மா" என்றார். அன்று மாலையே அப்பா பட்டிக்கத்தியை எடுத்து ஜன்னல் இடுக்கைச் சுரண்ட ஆரம்பித்தார். பிறகு, பச்சை வாளிக் குப்பையை மக்க வைக்கும் உரக்கிடங்கிலிருந்து முதல் மூட்டை உரம் வந்தபோது, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "நம்ம தெருக் குப்பையா இது? சும்மா சொல்லாத" என்றார். அது வெறும் மண் போல மணத்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை. கோலம் கரைந்திருக்குமே, பைகள் வந்திருக்குமே என்று எழுந்ததும் குடையோடு ஓடினேன். பக்கத்து மூலைக்கு ஓடுவதற்கு என்ன இருக்கிறது, ஆனாலும் ஓடினேன். எதிர்வாசலில் சாந்தி அக்கா பச்சை வாளியோடு வண்டியின் விசிலுக்காக நின்றிருந்தார்.

"அக்கா, இன்னிக்குக் கோலம்?"

"மழையில எவ போடுவா? போய் உன் வேலையப் பாரு."

மூலையில் கோலம் இல்லை. ஒரு பைகூட இல்லை. ஈரத் தரை மட்டும் இருந்தது. மழை விட்ட பிறகும் அங்கே யாரும் கோலம் போடவில்லை, ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.