என் மகள் ‘அம்மா’ என்றழைத்த சவேரியம்மாள்

வடமதுரைப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சவேரியம்மாள் அக்கா காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘திருச்சியில் படிக்கும் என் மகள் ரெஜினா இதைக் கேட்டால் துடித்துப்போவாள். நான் செத்தால் இப்படித் துடிப்பாளா?’ என்றுதான் நினைத்தேன்.

அவரை அறிந்த கோவில் பங்கு மக்கள் நீங்கள் எல்லாரும் அவரைப் புண்ணியவதி என்கிறீர்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு புண்ணியவதிக்கு ஓரகத்தியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

என் கணவரின் அண்ணன் சுருட்டுக் கம்பெனியில் மேஸ்திரி. அவருடைய மனைவிதான் அக்கா. திண்டுக்கல்லில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அக்காவுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். நான் விடியற்காலையில் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போய்விடுவேன். ரெஜினாவுக்குச் சோறூட்டியது, நடை பழக்கியது, மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவர்தான். சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது, பிள்ளை அன்று செய்த புதுக் குறும்பு ஏதாவது எனக்குக் கதையாக மட்டும் மிச்சமிருக்கும்.

ரெஜினாவுக்கு நான்கு வயதில் டைபாய்டு வந்தது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள், “நீ போ. அம்மாவக் கூப்பிடு” என்றாள். வாசலில் நின்ற அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

“காய்ச்சல்ல உளறுது புள்ள. ஒன்னத்தான் கேக்குது, கிட்டப் போ” என்றார்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பியவரிடம், “நீங்க என்னக்கா பாவம் பண்ணிட்டீங்க?” என்று குத்தலாகக் கேட்டேன். “ஒரு பொய் சொல்லிட்டேன்ல” என்றார். எனக்காகச் சொன்ன பொய். அவருடைய பாவத்தில்கூட என்மேல் இரக்கம் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டே வடமதுரையில் வாடகைக்கு வீடு பிடித்து மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ பிள்ளையின் துணிகளை மடித்து வைத்துவிட்டு, “பெத்தவகூடப் போகுது, நான் என்னத்தச் சொல்ல? வெஞ்சனத்துல காரத்தக் கொறச்சுப் போடு. செத்த நேரம் மடியில போட்டாத்தான் தூங்கும்” என்றார். நான் பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்கே தெரியாத இரண்டு சங்கதிகள். அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைப் பிற்பாடு மேஸ்திரி அத்தான் சொல்லித்தான் அறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் திண்டுக்கல் வருவோம். பீடத்துக்கு எதிரே முதல் வரிசையில் முழந்தாளிடும் அக்கா, அந்த ஆண்டு முழுவதும் கடைசித் தூணுக்குப் பின்னால் இருந்தார். கோபம் என்றே நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“கோவமா? சர்வேசுரனுக்குப் பொதுவா இல்ல தங்கச்சி. முன்னால இருந்தா புள்ள எங்கிட்ட ஓடியாந்துரும். ஒனக்குச் சங்கடம்.”

ரெஜினாவின் முதுகைத் தொட்டு, “பெரியம்மாகிட்டப் போ” என்றேன். அவள் ஓடிய வேகத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அவருக்கு முதல் பேத்தி பிறந்தபோது, ஞானஸ்நானத் தொட்டியருகே என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, “ஞானத்தாய் இவதான் சாமி” என்றார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார். அள்ளிக் கொடுக்க இந்த மனுஷிக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று, அந்தப் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டே வயிறெரிந்தேன்.

அடக்கத்துக்கு ரெஜினா திருச்சியிலிருந்து வந்தாள். வாசலில் நின்ற என்னைத் தாண்டி ஓடி, பெட்டியின்மேல் விழுந்து, “அம்மா, அம்மா” என்று கதறினாள். வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் எனக்குப் பொறாமைதான். வெள்ளைச் சேலையில் கிடந்தவர் எனக்காக இந்த முறை ஒரு பொய்யும் சொல்லவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது பின்னாலிருந்து, “அம்மா” என்று குரல் கேட்டது. அக்காவைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் நடந்துகொண்டே இருந்தேன். ரெஜினா மறுபடியும் கூப்பிட்டாள். அப்போதுதான் நின்றேன். இனி அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். அதுவும் அவர் போன பிறகுதான் வந்தது.